தவக்காலத்துக்கு முன் ஒரு பூ

ஹெப்பகோடியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில், காம்பவுண்டு சுவருக்கும் மாடிப்படிக்கும் நடுவே நான்கடி அகலத்துக்கு ஒரு மண்பட்டை உண்டு. நீளம் பதினெட்டு அடி இருக்கும். ஜனவரி பிறந்துவிட்டால் அதில் பெட்டூனியாவும் பிளாக்ஸும் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு பூக்கும். சுவரோரமாக ஐந்து சீமைத்துத்திச் செடிகள் கம்பு நட்டதுபோல நேராக ஏறும். அந்தத் தமிழ்ப் பெயரை நான் தேடித்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்காரர் கேத்தரின் ஆன்ட்டிக்கு அது ‘ஆலியாக்’.

ஆன்ட்டிக்கு ஐம்பத்தாறு வயது. கோலார் தங்கவயலில் பிறந்தவர். கல்யாணமாகி இங்கே வந்து, ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் பத்தொன்பது வருடம் செக்கிங்கில் நின்றார். நூறு சட்டைகளில் ஒன்றில் ஒரு தையல் தப்பியிருந்தால் அவர் கை அந்தச் சட்டையில்தான் நிற்கும். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் வேலையை விட்டார். அவர் கணவர் ஓஸ்வால்ட் அங்கிள் பக்கத்துத் தொழிற்பேட்டையில் எலக்ட்ரீஷியன். இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் இருக்கிறது.

என் பெயர் சங்கமித்ரா. எனக்கும் தங்கவயல்தான். தாத்தா சுரங்கத்தில் இருந்தார். அப்பா தினமும் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வந்து இரவு திரும்புகிறவர். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதைக் கொண்டு எலக்ட்ரானிக் சிட்டியில், கம்ப்யூட்டருக்குப் பொருட்களை அடையாளம் காட்டப் படங்களில் கட்டம் போடும் வேலை செய்கிறேன். திரையில் ஏதோ ஒரு தெரு வரும். அதிலிருக்கும் கார், நாய், பூந்தொட்டி ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு இழுத்துப் பெயர் குறிக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு படங்கள். ஒன்றரை வருடத்தில் எத்தனை பூந்தொட்டிகளுக்குக் கட்டம் போட்டிருப்பேன், தெரியாது. அதில் ஒரு பூவைக்கூட நின்று பார்த்ததில்லை.

ஆன்ட்டி பார்ப்பார். காலையில் நான் ஷிப்டுக்குக் கிளம்பும்போது பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பூவை முறைத்துக்கொண்டிருப்பார். மாலை திரும்பும்போதும் அதே பூ, அதே ஸ்டூல். மடியில் அட்டை, அதில் கிளிப் போட்ட தாள். பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் வாட்டர் கலர் டப்பா. வர்ணம் குழைக்கப் பழைய ஹார்லிக்ஸ் மூடி.

வரைய அவருக்கு யாரும் முறையாகச் சொல்லித்தரவில்லை. சர்ச்சில் பெண்களுக்கு நடந்த தையல் வகுப்பில் தலையணை உறையில் பூப்போடக் கற்றதுதான் தொடக்கம். ஐந்து இதழ், நடுவே மஞ்சள் பொட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவில் இலை. முதல் முதலாகத் தாளில் பூ வரைந்து மகளுக்கு அனுப்பியபோது மகள் பதில் எழுதினாளாம்: “அம்மா, இது நம்ம தோட்டத்துப் பூ இல்ல, தலகாணிப் பூ. நம்ம பூவுல பூச்சி கடிச்சிருக்குமே, அது எங்க?” அன்றிலிருந்து பூச்சி கடித்ததையும் வரைகிறார். இலையில் துருப்பிடித்ததுபோல வரும் செம்புள்ளிகளை ஒன்றுவிடாமல் எண்ணி வைக்கிறார்.

அந்த மகள் ஜெசிந்தா. வீட்டில் ஜெசி. அவர்கள் குடும்பத்திலும் முதல் பட்டம் அவளுடையதுதான். பி.காம். முதல் வகுப்பு, ஒரு பாங்கில் ஒரு வருடம் வேலை, பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், தான் மடத்துக்குப் போவதாகச் சொன்னாள். பள்ளிக்கூடம் நடத்துகிற, ஆஸ்பத்திரி நடத்துகிற மடமென்றால் ஆன்ட்டி சமாளித்திருப்பார். இது வெளியே வராத மடம். உள்ளே போனால் ஜெபமும் வேலையும்தான். குடும்பத்தார் வருடத்துக்குச் சில நாட்கள் போய்க் கம்பிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து பேசலாம். மாதம் ஒரு கடிதம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்திலும் அதுவும் கிடையாது.

“சொந்தக்காரங்க எல்லாம் கேட்டாங்க மித்ரா, இதுக்கா படிக்க வெச்சேன்னு,” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். “எங்க வீட்டுக்காரரு ஒரு மாசம் அவகிட்ட பேசல. நான் பேசுனேன். பேசிப்பேசி இருக்க வெச்சுடலாம்னு பார்த்தேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“இன்னா சொல்வா. சிரிச்சா. அவளுக்கு இன்னா வேணும்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. அதுக்கு மேல நம்ம பேச்சு எங்க ஏறும்?”

எனக்கு அது பொறாமையாக இருந்தது. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்தவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பயமும் வரும்.

அந்த மடம் இதே பெங்களூரில்தான் இருக்கிறது. நகரத்தின் மறு ஓரத்தில். மெட்ரோவும் பஸ்ஸும் மாறிப் போனால் இரண்டேகால் மணி நேரம். ஆனாலும் படத்தைத் தபாலில்தான் அனுப்புவார். நேரே கொண்டுபோய் வாசலில் கொடுத்துவிட்டு வரலாமே என்று நான் கேட்டேன்.

“பாக்குற நாள் இல்லாத நாள்ல அந்த வாசல்ல போயி நின்னா, என் காலு திரும்பி வராதுடி,” என்றார்.

வருடத்துக்கு ஒரு படம். சீமைத்துத்தி பூத்ததும் வரைந்து, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முன் போய்ச் சேருமாறு அனுப்புவார். ஜெசி மடத்துக்குப் போவதற்கு முந்தைய வருடம் லால்பாக் மலர்க் கண்காட்சியில் ஒரு பொட்டலம் விதை வாங்கி வந்து, அந்தச் சுவரோரம் அவளே போட்டாள். கலப்பு விதை. அந்த முதல் வருடம் ஒரே ஒரு செடியில் வெள்ளைப் பூ வந்தது. அதன் விதையைத் தனியாக எடுத்து வைக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். அதன்பின் எட்டு வருடமும் ரோஸ்தான். ஒவ்வொரு வருடமும் ஜெசியின் ஏதாவது ஒரு கடிதத்தில் ஒரு கேள்வி இருக்கும்: “இந்த வருஷமாவது வெள்ளை வந்துதா?”

ஆன்ட்டி இதை வைத்து மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தார். படிக்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே அதை என்னிடம் சொன்னது போன டிசம்பரில்.

“வெள்ளப் பூ வந்துச்சுன்னா அவ வந்துடுவா. எனக்கு அப்டித்தான் தோணும். பைத்தியக்காரத்தனம்தான். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட கூட சொன்னதில்ல. சொன்னா திட்டுவாரு.”

“இன்னும் வரலாமா அவங்க? ஒம்போது வருஷம் ஆயிடுச்சே?”

“வரலாம். மே மாசம் வரைக்கும் வரலாம். மே மாசம் நித்திய வார்த்தைப்பாடு, சாவுற வரைக்கும் மடத்துலயேன்னு சத்தியம். அது குடுத்துட்டா முடிஞ்சிது.”

வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆக, இந்த வருடப் படம்தான் ஜெசி இன்னும் திரும்பி வரக்கூடியவளாக இருக்கும்போது அவள் கைக்குப் போகும் கடைசிப் படம்.

இந்த வருடம் ஒரு தவறு நடந்திருப்பது ஜனவரி முதல் ஞாயிறு தெரிந்தது. சர்ச்சில் புது வருடக் காலண்டர் கொடுத்தார்கள். ஆன்ட்டி அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து பிப்ரவரித் தாளைத் திருப்பியவர், அங்கேயே நின்றுவிட்டார். வாடகை கொடுக்க இறங்கி வந்த நான் பார்த்தது, காலண்டர் மேல் அசையாமல் கிடந்த அவர் விரலைத்தான்.

விபூதிப் புதன் போன வருடம் மார்ச் ஐந்தாம் தேதி. இந்த வருடம் பிப்ரவரி பதினெட்டு.

ஒவ்வொரு வருடமும் செப்டம்பரிலேயே சர்ச்சில் உபதேசியாரைக் கேட்டு, அடுத்த வருடத் தேதியைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப நாள் எண்ணித்தான் விதை போடுவாராம். இந்தமுறை செப்டம்பரில் ஜெசியின் கடிதம் வந்தது. மே மாதத்தில் நித்திய வார்த்தைப்பாடு என்று. அதற்கப்புறம் ஆன்ட்டி ஒரு மாதத்துக்கு மேல் மண்ணைத் தொடவில்லை. பிறகு ஏதோ ஒரு நாள் எழுந்து, போன வருடத் தேதியையே மனதில் வைத்துக்கொண்டு விதைத்துவிட்டார்.

“ரெண்டு வாரம் லேட்டு,” என்றார். “பதினெட்டாந் தேதிக்கு இது பூக்காது. மொட்டு வெச்சிக்கினு நிக்கும்.”

ஓஸ்வால்ட் அங்கிள் உள்ளேயிருந்து வந்து செடிகளைப் பார்த்தார். மோட்டார் ஓடாவிட்டால் பார்க்கும் அதே பார்வை.

“வெளிச்சம் ஜாஸ்தி குடுத்தா சீக்கிரம் பூக்குமாம் கேத்தி. ஃபேக்டரியில ஒரு மேஸ்திரி சொன்னான். பூ விக்கறவங்கல்லாம் அப்டித்தான் பண்றாங்களாம்.”

“அந்த மேஸ்திரி வூட்ல ஒரு கருவேப்பிலை செடி கூட கிடையாது.”

“நீ சும்மா இரு. நான் பார்த்துக்கிறேன்.”

மறுநாள் சாயங்காலம் மாடிக் கைப்பிடியிலிருந்து ஒரு இரும்புக் கம்பியை நீட்டி, அதில் தெருவிளக்குக்குப் போடுகிற எல்.இ.டி. ஒன்றைத் தொங்கவிட்டார். ஆறரைக்குப் போட்டால் ஒன்பதரை வரை எரியும். என் அறைச் சுவரெல்லாம் வெள்ளை வெளேர். தெருவிலிருந்த பூச்சி எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. எதிர்வீட்டு கன்னடக்காரர் வாசலில் நின்று கத்தினார்: “ஏன் ஸார், ஜாத்ரேயா?” திருவிழாவா என்று கேட்கிறார். அங்கிள் ஏணியின் மேலிருந்தே, “ஹௌது, கிடத ஜாத்ரே!” என்றார். ஆமாம், செடிக்குத் திருவிழா. தெருவே சிரித்தது. ஆன்ட்டியும் சிரித்தார்.

செடிகள் உயரமாயின. மொட்டு பருத்தது. விரியவில்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரம். தெருக்களில் இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாக மரங்கள் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தன. ஆன்ட்டி மொட்டுகளின் முன் உட்கார்ந்திருந்தார். பெரிய மொட்டு ஒன்று அடியில் இருந்தது. பச்சை உறை ஐந்து மூலையாக இறுக மூடி, மேலெல்லாம் மயிர். நகத்தால் அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நிறம் தெரியும்தானே என்றேன்.

“பிரிச்சா அந்தப் பூ செத்துடும். அத அவளுக்கு எப்டி வரைவேன்?”

எனக்கு ஒரு யோசனை இருந்தது. படித்தவள் என்றால் எதற்காவது ஒரு யோசனை இருக்க வேண்டும் என்று எனக்குள் எப்போதும் ஒரு நச்சரிப்பு. போனை எடுத்து சீமைத்துத்திப் படங்களைத் தேடினேன். நூற்றுக்கணக்கில் வந்தன. அதில் ஒரு வெள்ளையைப் பெரிதாக்கி அவர் முன் நீட்டினேன்.

“இதப் பாத்து வரைஞ்சிடுங்க ஆன்ட்டி. செடி நம்ம செடி, சுவர் நம்ம சுவர். பூ மட்டும் இது. அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் போனை வாங்கவில்லை. ஆனால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“வெள்ளையா...” என்றார்.

“அவங்க கேக்கறது அதுதானே? சந்தோஷப்படுவாங்க.”

“சந்தோஷம் மட்டுமா படுவா?” என்றார். என்னைக் கேட்டாரா, தன்னைக் கேட்டாரா, தெரியவில்லை. பிறகு, “அந்தப் போன இங்கியே வெச்சிட்டுப் போறியா?” என்றார். அன்று எனக்கு வார விடுமுறை. வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.

வெள்ளைப் பூ வரைவது கஷ்டம். தாளே வெள்ளை. பூவைச் சுற்றியிருப்பதையெல்லாம் வரைந்து, பூவை மட்டும் விட்டுவிட வேண்டும். ஆன்ட்டி சுவரின் அழுக்கை வைத்தார், விரிசலை வைத்தார், சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தை வைத்தார். சாம்பல் கலந்த நீலத்தை நீரில் மிகக் கரைத்து இதழ்களின் மடிப்புகளில் மட்டும் தொட்டார். சாயங்காலம் நான் இறங்கி வந்தபோது, எங்கள் சுவரின் முன், இல்லாத ஏழு பூக்கள் விரிந்து நின்றன. அவர் வரைந்த எதையும்விட அது அழகாக இருந்தது. அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“கேத்தி, இத ஃப்ரேம் போடலாம்.”

“ஃப்ரேம் போட்டு உங்க ஃபேக்டரியில மாட்டுங்க,” என்றார் ஆன்ட்டி. முகத்தில் சிரிப்பு இல்லை.

வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அந்த வெள்ளை. இன்னொன்றை அன்று பகலில் வரைந்திருந்தார்: அதே செடி, அதே சுவர், மூடிய மொட்டுகள், புள்ளி விழுந்த இலைகள், மேலே ஓரத்தில் கம்பியில் தொங்கும் அங்கிளின் விளக்கு. எல்லாம் பச்சை. பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் கிடைக்காத படம்.

“எதுடி அனுப்பலாம்?”

“இதுல என்ன யோசனை? வெள்ளைதான்,” என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை. அன்று தபாலில் சேர்த்துவிட்டால் எப்படியும் செவ்வாய்க்குள் போய்விடும். நானும் அவருடன் தபாலாபீஸுக்குப் போனேன். அட்டைக்கு நடுவே வைத்துப் பெரிய கவரில் வெள்ளைப் படம். முகவரி அங்கிளின் கையெழுத்தில், மடத்தில் ஜெசிக்கு வைத்த புதுப் பெயரில். கவர் வாய் இன்னும் ஒட்டவில்லை. எங்களுக்கு முன் பத்துப் பேர். முழங்கால் வலிக்காமலிருக்க ஆன்ட்டி சுவரில் சாய்ந்து நின்றார்.

“மித்ரா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியே?”

“கேளுங்க ஆன்ட்டி.”

“நேத்து படியில நின்னுக்கினு உங்கம்மாகிட்ட போன்ல பேசுனியே. வேலை ரொம்ப நல்லா இருக்கு, புரமோஷன் வரப் போவுதுன்னு.”

என் காது சுட்டது. “ஆமா.”

“வருதா புரமோஷன்?”

“இல்ல.”

“அப்புறம் மத்தியானம் பிரியாணி சாப்டேன்னு சொன்ன. கையில பிரெட்டு வெச்சிக்கினு.”

வரிசையில் முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். நான் குரலைத் தாழ்த்தினேன். “அவங்க கவலைப்படுவாங்க ஆன்ட்டி. அதான்.”

“நான் அதுக்குக் கேக்கல. நீ சொன்னத உங்கம்மா நம்புறாங்களா?”

யோசித்தேன். யோசிக்க வேண்டியதே இல்லை. “நம்பறதில்ல.”

“உனக்கு எப்டித் தெரியும்?”

“நான் பிரியாணின்னு சொன்ன வாரமெல்லாம், ஞாயித்துக்கெழம அப்பாகிட்ட ஊறுகாயும் கருவாடும் குடுத்து விடறாங்க.”

ஆன்ட்டி பக்கென்று சிரித்துவிட்டார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஆன்ட்டியின் முகம் மெல்ல மாறியது. கவரை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டார்.

“அவ கண்டுபுடிச்சிடுவா. இந்தப் பூவுல ஒரு பூச்சிக்கடி கூட இல்ல.” வரிசை ஓர் அடி நகர, அவரும் நகர்ந்து, “கண்டுபுடிக்கலன்னாலும்... இத நம்பி அவ வந்துட்டான்னு வெச்சிக்க. வந்து அந்தச் செவுத்த போயி பார்த்தா?”

எங்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்தவர் கவருக்குள் என்ன இருக்கிறது என்று கன்னடத்தில் கேட்டார். “சித்ர. ஹூவின சித்ர,” என்றார் ஆன்ட்டி, பூப்படம் என்று. சொன்னவர், ஒரு நிமிடம் என்று கையைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். தோள்பையைத் திறந்தார். இரண்டாவது தாளும் அதில் சுருட்டி வைத்தபடி இருந்தது. வெள்ளையை உருவி என் கையில் கொடுத்துவிட்டு, மொட்டுப் படத்தைக் கவரருகே கொண்டுபோனவர் நிறுத்தி, கவுண்டரில் நூல் கட்டித் தொங்கிய பேனாவை எடுத்தார். படத்தின் பின்பக்கம் எழுதியதை நான் படித்தேன்:

‘ஜெசி, இன்னும் விரியவில்லை. என்ன நிறம் என்று எனக்கும் தெரியாது. அம்மா.’

வீட்டுக்கு நடந்து வரும்போது வெள்ளைப் படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. “நீயே வெச்சிக்க. உன் போன் பூதானே,” என்றார். அது என் அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. அந்த ஞாயிறு அம்மாவிடம் புரமோஷன் எதுவும் வரப்போவதில்லை என்று சொன்னேன். அம்மா, “சரி, சாப்டியா?” என்றாள்.

சீமைத்துத்தி மார்ச் மூன்றாம் தேதி விரிந்தது. காலையில் நான் படியிறங்கும்போது ஆன்ட்டி செடியின் முன் நின்றிருந்தார். ரோஸ். எட்டு வருடமாக வந்த அதே ரோஸ். அடுத்த செடியும் அப்படியே, அடுத்ததும். ஐந்தாவது செடி விரியும்வரை நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதுவும் ரோஸாகவே விரிந்த அன்று ஆன்ட்டி ஸ்டூலை வெளியே எடுத்துப் போடவில்லை. மறுநாள் போட்டார். வரைந்தார். தவக்காலத்தில் அனுப்ப முடியாது. சுருட்டி, நாளிதழில் பொதிந்து அலமாரி மேல் வைத்தார்.

ஈஸ்டர் ஞாயிறு முடிந்த அடுத்த வாரம் பார்க்கும் நாள். “நீயும் வாயேன். உன்னப் பத்தி அவளுக்கு எழுதியிருக்கேன்,” என்றார் ஆன்ட்டி. மூன்று பேரும் போனோம். மெட்ரோவில் ஆன்ட்டி சுருட்டிய தாளை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்குக் கேட்டுடப் போறேன்,” என்றார் திடீரென்று.

“கேளு,” என்றார் அங்கிள்.

“வந்துடுறியாடின்னு கேட்டுடப் போறேன். இந்த ஒம்போது வருஷத்துல நான் வாயத் தொறந்து கேட்டதே இல்ல. பூவத்தான் அனுப்பிக்கினு இருந்தேன்.”

“கேளு கேத்தி. நான் குறுக்க வர மாட்டேன்.”

மடத்தின் பார்வையாளர் அறையை நடுவில் மரக்கம்பிகள் பிரித்தன. இந்தப் பக்கம் மூன்று நாற்காலிகள். அந்தப் பக்கம் பழுப்பு அங்கியில் ஜெசி வந்து உட்கார்ந்தாள். வீட்டில் மாட்டியிருந்த போட்டோவில் பார்த்ததைவிடச் சற்றுப் பருத்திருந்தாள். ஆன்ட்டியின் அதே நெற்றி.

“அப்பா! லைட்டு போட்டீங்களாமே!” என்பதுதான் அவள் முதல் பேச்சு. “படத்துல பார்த்தேன். எங்க பெரிய சிஸ்டர் ஒருத்தங்க அத நெலான்னு நெனச்சுட்டாங்க. பகல்ல எப்டி நெலா வரும்னு ஒரே சண்ட.”

அங்கிள் வெட்கப்பட்டுச் சிரித்தார். “நெலா இல்லம்மா, நாப்பது வாட்ஸ்.”

“அம்மா, நாப்பது நாளும் அதே பேச்சுதான். சாயங்காலம் வேலை முடிஞ்சு உக்காந்தா, ஆளாளுக்கு ஒரு நெறம். மதர் மஞ்சள்னு சொல்லிட்டாங்க. அடுப்படி சிஸ்டர் கருஞ்சிவப்புன்னு ஒரே புடியா நிக்கிறாங்க. பந்தயம்லாம் கட்டக் கூடாது, அதனால தோத்தவங்க ஒரு வாரம் கோழிக்கூடு கழுவணும்னு பேசி வெச்சிக்கிறாங்க.” அவள் பேச்சு தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டதுபோல வந்தது. ஆன்ட்டி கம்பியில் கைவைத்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ இன்னா சொன்ன? வெள்ளைன்னா?” என்று கேட்டார்.

இல்லை என்று ஜெசி தலையை ஆட்டினாள். “நான் எதுவும் சொல்லலமா. எதுவா இருந்தாலும் எனக்குச் சரிதான்.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, மாடி அறையில் வெயில் அடிக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று விசாரித்தாள். அவள் படித்த அறை அது. நான் ஏதோ பதில் சொன்னேன். ஆன்ட்டி இடையில் ஒருமுறை, “ஜெசி,” என்று கூப்பிட்டார். “சொல்லுமா?” என்றாள். அங்கிள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். ஆன்ட்டி, “ராத்திரில போத்திக்க நல்ல கம்பளி இருக்குதா?” என்றார்.

“இருக்குமா.”

மணி அடித்தது. ஜெசி எழுந்தாள். ஆன்ட்டி அவசரமாகத் தாளை எடுத்தார். “இரு, இதப் பாத்துட்டுப் போ. இங்கியே பிரி.”

“ஐயோ, இல்லமா. எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க. நான் மட்டும் முன்னாடி பார்த்துட்டா என்ன கொன்னுடுவாங்க. உள்ள போயி ஒண்ணா பிரிக்கிறோம்.” சுவரில் பதித்திருந்த மர உருளையைக் காட்டினாள். பொருட்களை உள்ளே அனுப்ப அதுதான் வழி. நடுவில் ஒரு தட்டு, சுழற்றினால் இந்தப் பக்கத்து வாய் அந்தப் பக்கம் போகும்.

ஆன்ட்டி தாளை அதில் வைத்தார். கையை எடுக்கச் சற்று நேரமாயிற்று. எடுத்ததும் உள்ளிருந்து யாரோ சுழற்றினார்கள். உருளையின் முதுகு எங்கள் பக்கம் வந்து நின்றது. கம்பிக்கு அப்பால் ஜெசி கும்பிட்டாள், சிரித்தாள், கதவுக்குள் போனாள்.

நாங்கள் வெளியே வராந்தாவுக்கு வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம்.

“கேட்டியா?” என்றார் அங்கிள், கேட்கவில்லை என்று தெரிந்தும்.

“இல்ல.”

அப்போது சுவருக்கு உள்ளே எங்கிருந்தோ ஒரு கூச்சல் எழுந்தது. இருபது பெண்கள் ஒன்றாகக் கத்தி, ஒன்றாகச் சிரித்தார்கள். தோற்றது யாரோ, ஜெயித்தது யாரோ. யாரோ கைதட்டினார்கள்.

ஆன்ட்டி ஒரு காலில் செருப்போடு நின்றுவிட்டார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அத்தனை குரல்களுக்குள் ஒன்றைத் தேடினார். சிரிப்பு அடங்கி, மறுபடி ஒருமுறை எழுந்து, பிறகு கதவுகள் சாத்தும் சத்தம் வரும்வரை நின்றார்.

“எது அவ கொரலுன்னு தெரியல,” என்றார்.

அங்கிள் குனிந்து மற்றச் செருப்பை அவர் காலருகே நகர்த்தி வைத்தார்.